லேப் ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது வரி: கறுப்பர்களின் கிட்னிக்கு ஏன் தனிக் கணக்கு?

ஊசிநூல் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன், பதினோரு வருடமாக. எங்கள் ஷிஃப்டில் பன்னிரண்டு நாற்காலி. எந்த நாளில் எண்ணினாலும் அதில் எட்டு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். நாடு முழுக்கவே கணக்கு அப்படித்தான். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 சதவீதம், கிட்னி செயலிழந்தவர்களில் சுமார் 35 சதவீதம்.

ஒரு பெரியவர் வருவார், பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். 2023-இல் ஒருநாள் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். கிட்னி மாற்று ஆபரேஷனுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவருடைய தொடக்க தேதியை இரண்டு வருடத்துக்கும் மேல் முந்தைய தேதியாக மாற்றியிருந்தார்கள். அதாவது அவ்வளவு காலம் ஏற்கெனவே காத்திருந்ததாகக் கணக்கு. நல்ல சேதிதான். ஆனால் மனுஷன் சந்தோஷப்படவில்லை. அடுத்த முறை வரும்போது தன் பழைய லேப் ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

2017-இல் எடுத்த ரிப்போர்ட். ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு நன்றாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, எண் குறையக் குறைய நோய் அதிகம்) என்ற தலைப்பின் கீழே இரண்டு வரி. "ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர்: 18". அதற்குக் கீழே "ஆப்பிரிக்க அமெரிக்கர்: 21".

பட்டியலில் காத்திருப்புக் காலம் ஓட ஆரம்பிக்க அந்த எண் 20-ஐத் தொட வேண்டும், அல்லது அதற்குக் கீழே போக வேண்டும். அவருக்கு 21 என்று எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வரியிலும் விரலை வைத்துக் கேட்டார்: "ஒரு டியூப் ரத்தம்தானே எடுத்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு வரி ரிப்போர்ட்டை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. உங்கள் வேலையில் இதுபோல ஏதாவது கண்ணில் பட்டிருக்கிறதா? எழுதுங்கள்.

---

பெரம்பூர் ரயில் எழுதியது:

அக்கா, எல்லாவற்றையும் நிறவெறிக் கணக்கில் எழுதிவிட வேண்டாமே. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவை வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள், அது தசையிலிருந்து வருவது. கறுப்பர்களுக்குச் சராசரியாகத் தசை அதிகம், அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம், அதைச் சரிக்கட்டத்தான் ஒரு பெருக்கல் எண். ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட அதே ஃபார்முலாவில் வித்தியாசம் உண்டு. அதை ஆணாதிக்கம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த நெஃப்ராலஜிஸ்ட் ஒருவர் சொன்னது இது.

---

எண்கணக்கு எழுதியது:

பெரம்பூர், உங்கள் டாக்டர் சொன்னது பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். அது எங்கிருந்து புத்தகத்துக்குள் வந்தது என்று பாருங்கள்.

1999-இல் எம்டிஆர்டி என்ற ஃபார்முலா வந்தது. 1,628 நோயாளிகளின் தரவை வைத்துப் போட்டது. அதில் கறுப்பினத்தவர் 200-க்கும் குறைவு. இந்தக் குழுவில் கறுப்பர்களின் கிரியாட்டினின் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அதனால் விடையைச் சுமார் 1.2-ஆல் பெருக்கு என்று வைத்தார்கள். 2009-இல் வந்த சிகேடி-எப்பி ஃபார்முலாவில் அது 1.159 ஆனது. பெரியவரின் ரிப்போர்ட்டைப் பாருங்கள்: 18-ஐ 1.159-ஆல் பெருக்கினால் 20.9. ரவுண்டு செய்தால் 21. அந்த ஒற்றைப் பெருக்கல்தான் இரண்டு வருடம்.

தசை அதிகம் என்பது அனுமானம். யாருடைய தசையையும் அளந்து பார்த்துப் பெருக்கவில்லை. ஒல்லியான எண்பது வயதுக் கறுப்பினப் பாட்டிக்கும் அதே 1.159. பளு தூக்கும் வெள்ளைக்காரருக்குப் பெருக்கலே கிடையாது. யார் கறுப்பர் என்பதை யார் முடிவு செய்தது? பல இடங்களில் வரவேற்பு மேஜையில் டிக் அடித்த ஆள். அம்மா வெள்ளை, அப்பா கறுப்பு என்றால் எந்த வரி? அதற்கு ஃபார்முலாவில் இடமே இல்லை. பெருக்கினால் கிட்னி நன்றாக இருப்பது போலத் தெரியும் அல்லவா, அதனால் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவது தாமதம், பட்டியலில் சேர்வது தாமதம்.

2021-இல் அமெரிக்காவின் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனும் நெஃப்ராலஜி சங்கமும் சேர்ந்து அமைத்த குழு, இனத்தை எடுத்துவிட்டுப் புது ஃபார்முலாவைப் பயன்படுத்தச் சொன்னது. 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாற்று மையமும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டைத் தோண்டிப் பார்த்துத் தேதியைத் திருத்தியே ஆகவேண்டும் என்று விதி. 2024 மார்ச் வரை 14,000 பேருக்கு மேல் திருத்தியிருக்கிறார்கள். சராசரியாகத் திரும்பக் கிடைத்தது இரண்டு வருடம். உங்கள் பெரியவர் அதில் ஒருவர்.

---

வழிப்போக்கன் எழுதியது:

14,000 பேர் × 2 வருடம். பட்டியலில் இருக்கும்போதே இறந்துபோனவர்களுக்கு யார் கடிதம் போட்டார்கள்?

---

கூடலூர் மழை எழுதியது:

பெரம்பூர் சொல்வதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. அதையும் பேசிவிடுவோம். ஏபிஓஎல்1 என்று ஒரு ஜீன் உண்டு. அதன் இரண்டு வகைகள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணியிலிருந்து அந்த மண்ணில் அது காப்பாற்றியது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த வகை வந்துவிட்டால் கிட்னிக்கு ஆபத்து கூடும். கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு அப்படி. ஆக, நூற்றில் மீதி 87 பேருக்கு இல்லை. இருப்பவர்களிலும் பலருக்கு நோய் வருவதே இல்லை. டெஸ்ட் செய்து பார்க்கக்கூடிய ஒரு ஜீனும் முகத்தைப் பார்த்துப் போடும் டிக்கும் ஒன்றாகிவிடுமா?

சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் கதையும் இதுதான். நான் நீலகிரிப் பக்கம் பழங்குடி மக்களுக்கான கிளினிக் ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்தேன். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இந்த நோய் உண்டு. நீலகிரியில் அது இருப்பது 1952-இலேயே பதிவாகிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் அது "கறுப்பர் நோய்". 1910-இல் சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர் முதலில் எழுதியது கிரெனடாவிலிருந்து படிக்க வந்த ஒரு கறுப்பின மாணவரைப் பற்றி. அதோடு முத்திரை விழுந்துவிட்டது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றும் ஜீன் அது, மலேரியாக் கொசு இருந்த பல இடங்களில் இருக்கிறது. கிரீஸ், அரேபியா, நம் வயநாடு, எல்லா இடத்திலும். கொசு நிறம் பார்த்துக் கடிப்பதில்லை.

வலி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிவாள் மாதிரி வளைந்த அணுக்கள் ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள்ளிருந்து வருகிற வலி. மார்ஃபின் வகை மருந்து இல்லாமல் அடங்காது. அமெரிக்காவில் இதே வலியோடு எமர்ஜென்சிக்குப் போகும் கறுப்பின இளைஞனைப் போதைக்கு வந்தவன் என்று உட்காரவைத்துவிடுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. மருந்தின் பெயரும் டோஸும் நோயாளிக்கே தெரிந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வாழ்நாள் முழுக்க அதே நோயோடு இருப்பவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

---

லண்டன் மருத்துவிச்சி எழுதியது:

நான் இங்கே பிரசவ வார்டில் மிட்வைஃப். யாழ்ப்பாணம் பிறந்த ஊர். அமெரிக்கக் கதை மட்டும் இல்லை இது.

பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் ஆப்கார் புள்ளி போடுவோம். 1952-இல் வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருந்து வைத்தியர் கண்டுபிடித்த முறை. ஐந்து விஷயத்துக்குத் தலா இரண்டு புள்ளி வரை. முதல் விஷயம் நிறம். பாடத்தில் உள்ள சொல் "பிங்க்". உடம்பெல்லாம் பிங்க் என்றால் இரண்டு. நைஜீரியத் தாயின் பிள்ளை எந்த நாளில் பிங்க் ஆகும்? என் பிள்ளைகளே ஆகவில்லை! நான் படித்த காலத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. வேலையில் மூத்த ஜமைக்கன் சிஸ்டர் ஒருத்தர்தான் காட்டித் தந்தார். கீழ் உதட்டை மெல்ல மடித்து உள்பக்கம் பார், முரசை (பல் ஈறை)ப் பார், உள்ளங்கால் பார் என்று. மஞ்சள் காமாலைக்கும் அப்படித்தான், தோலைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். 2023-இல் இங்குள்ள என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) இனமும் சுகாதாரமும் சார்ந்த கண்காணிப்பகம் இதை அறிக்கையாகவே போட்டது. அந்த சிஸ்டர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார், அறிக்கையைப் பார்க்கவில்லை.

தாய்மாரின் கணக்கும் சொல்கிறேன். பிரிட்டனில் பேற்றோடு தொடர்பாக இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் விகிதம் வெள்ளையினத் தாய்மாரைவிட ஒரு காலத்தில் ஐந்து மடங்கு. பிறகு நாலு, பிறகு மூன்றுக்குக் கிட்ட. ஆசியத் தாய்மாருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது, அதில் நாங்களும் அடக்கம். இங்கே வைத்தியம் இலவசம். காசு இல்லாததால் என்று சொல்லித் தப்ப முடியாது.

---

பெரம்பூர் ரயில் எழுதியது:

சரி, ஃபார்முலா விஷயத்தில் நான் அவசரப்பட்டது உண்மை. ஆனால் தாய்மார் இறப்பில் வறுமை, உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கலந்திருக்கும். படிப்பும் வருமானமும் சமமாக இருக்கிறவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் காணாமல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

---

எண்கணக்கு எழுதியது:

போகவில்லை, சார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதையே பார்த்து 2019-இல் வெளியிட்டது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் மகப்பேறு தொடர்பாக இறக்கும் விகிதம், அதே படிப்புள்ள வெள்ளையினப் பெண்களைவிட 5.2 மடங்கு. பள்ளிப்படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிடவும் அது அதிகம், 1.6 மடங்கு. மொத்தக் கணக்கு வேண்டுமானால் 2023-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3, வெள்ளையினத் தாய்மார் 14.5.

பணம்தான் காரணம் என்றால் செரீனா வில்லியம்ஸுக்கு என்ன குறை? 2017-இல் மகள் பிறந்த மறுநாள் மூச்சுத் திணறுகிறது. அவருக்கு முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த சரித்திரம் உண்டு. சிடி ஸ்கேன் எடுங்கள், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் போடுங்கள் என்று அவரே சொல்கிறார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைக்கிறார். டாக்டர் வந்து காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார். கடைசியில் சிடி எடுத்தால் நுரையீரலில் கட்டிகள். தன் உடம்பை வைத்தே இருபத்து மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர் சொல்லியே கேட்கவில்லை.

---

ஸ்கார்பரோ சிவம் எழுதியது:

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, டாக்சி ஓடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கட வீட்டுக் கலியாணங்களில் "காப்பிலி", "கறுவல்" என்று இந்த மக்களைச் சொல்லிச் சிரிப்பது யாருக்கும் புதிதில்லை. அதே வீட்டுப் பிள்ளைகள்தான் டாக்டர், ஃபார்மசிஸ்ட் என்று படித்து அந்த ஆஸ்பத்திரிகளில் நிற்கிறார்கள். வெள்ளைக் கோட்டைப் போட்டவுடன் அந்தச் சொல் மறந்துபோகுமா?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மாற்றுக்கருத்து சொல்லலாம், வசை வேண்டாம். சாதி பற்றித் தொடங்கியவர் தனி இழை திறக்கவும். பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் இங்கே போட்டால் இரண்டும் கெடும்.

---

வழிப்போக்கன் எழுதியது:

ஒரு சந்தேகம். கறுப்பர்கள் டாக்டரிடம் தாமதமாக வருகிறார்கள், தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள் என்று கோவிட் சமயத்தில் நிறையப் படித்தேன். டஸ்கீகீ ஞாபகத்தில்தான் என்று எழுதுகிறார்கள். ஊசிநூல் அக்கா, உங்கள் அனுபவத்தில் அது நிஜமா?

---

ஊசிநூல் எழுதியது:

டஸ்கீகீ எங்களுக்குப் பக்கத்து மாநிலம்தான், அலபாமா. 1932-இலிருந்து 1972 வரை அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையே நடத்தியது. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் "கெட்ட ரத்தம்" என்று சொல்லி, வைத்தியம் செய்வது போல நடித்து, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940-களின் கடைசியில் பெனிசிலின் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நின்றது. கிளின்டன் 1997-இல் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் தம்பி, என் நாற்காலியில் உட்கார்பவர்கள் டஸ்கீகீ பற்றிப் பேசி நான் கேட்டது இரண்டு மூன்று தடவைதான். அவர்கள் பேசுவது போன மாதம் எமர்ஜென்சியில் நடந்ததை. ஐந்து மணி நேரம் உட்காரவைத்ததை, தங்கள் கேள்விக்கு டாக்டர் மகளைப் பார்த்துப் பதில் சொன்னதை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை எதற்கு, போன வாரத்துக் கதையே கையில் இருக்கிறதே.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா (ஊசி போடத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்திருப்பார்கள். விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். அதில் ஊசி போடும்போது ஒரு அம்மா எப்போதும் வலி என்பார். நான் குறிப்பில் "வலி இருப்பதாகக் கூறுகிறார்" என்று எழுதுவேன். அடுத்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியர். அவருக்கு "வலி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். பழைய குறிப்புகளை ஒருநாள் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. அந்த அம்மாவுக்கு மரத்துப்போகும் கிரீமைத் தடவி, இருபது நிமிடம் பொறுத்து ஊசி போடலாம் என்று யாருக்கும் தோன்றாமல் ஏழு மாதம் ஓடியிருந்தது.

---

எண்கணக்கு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை அலசி 2022-இல் வெளியிட்ட ஆய்வு. "ஒத்துழைக்கவில்லை", "முரண்டு" போன்ற சொற்கள் கறுப்பின நோயாளியின் குறிப்பில் வரும் வாய்ப்பு, வெள்ளையினத்தவரைப்போல இரண்டரை மடங்கு. அடுத்த டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்னால் படிப்பது அதைத்தான்.

வலி விஷயத்தில் 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் மோசம். வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் கேட்டார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது, நரம்பு முனைகள் மழுங்கியவை என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். அடிமைத் தோட்டத்து டாக்டர்கள் எழுதிவைத்த சரக்கு, 2016-லும் ஓடுகிறது.

நுரையீரலை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் கருவியிலும் இது உண்டு. சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் அடிமைகளின் நுரையீரல் கொள்ளளவு குறைவு என்று அளந்து, அவர்களுக்கு வேலைதான் மருந்து என்றார். அதன் வாரிசாக, கறுப்பர் என்று பட்டனை அழுத்தினால் இயல்பு அளவையே 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளும் கருவிகள் நம் காலம் வரை வந்தன. ஆசியர் என்றால் 4 முதல் 6. இனம் பார்க்காத அளவைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் சொன்னது 2023-இல்தான்.

---

கூடலூர் மழை எழுதியது:

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை விட்டுவிட்டீர்களே. 2021 மே மாதம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வாங்கினோம். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் கருவி அது. நடுவில் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் அதிகம் இருந்தால் கணக்கு தப்பும். மிச்சிகனில் பார்த்து 2020 டிசம்பரில் எழுதினார்கள்: கருவி 92 முதல் 96 காட்டியபோது, தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையினத்தவரில் 3.6 சதவீதம் பேருக்கு, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் பேருக்கு. 94 காட்டுகிறது, வீட்டுக்குப் போ என்று அனுப்பப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். 1990-லேயே இதைச் சொன்ன ஆய்வு உண்டு. முப்பது வருடம் யாரும் அசையவில்லை.

என் மாமாவுக்கு 95 காட்டியது. மாநிறத்தைத் தாண்டிய கறுப்பு அவர். என்ன சொல்ல.

---

பெரம்பூர் ரயில் எழுதியது:

இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் வேலை பார்ப்பது ஹெல்த் இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட டேட்டாவில். 2019 அக்டோபரில் ஒரு ஆய்வு வந்தது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கோடிக்கணக்கானவர்களைத் தரம் பிரிக்கும் ஒரு அல்காரிதம். அதில் இனம் என்ற கட்டமே இல்லை. ஆனால் நோயின் தீவிரத்துக்குப் பதிலாக அடுத்த வருடச் செலவைக் கணித்தது. கறுப்பர்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்படுகிறது, அதனால் அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக மெஷின் நினைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறும் கறுப்பர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகியிருக்கும்.

அதைப் படித்த வாரம் எங்கள் டீமில் ஒரு மாடல் ஓடிக்கொண்டிருந்தது. அது கணிக்க வேண்டியது என்ன தெரியுமா? செலவு. நான் வைத்ததுதான். சுத்தமான டேட்டா அது ஒன்றுதான், பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மீட்டிங்கில் சொன்னேன். "நம்மிடம் இன டேட்டாவே இல்லையே" என்று ஒருவர் சொன்னார், அத்தோடு அடுத்த ஸ்லைடு. நானும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி மட்டும் நிஜமாகவே கேட்கிறேன், வாதத்துக்காக இல்லை. கிட்னி ஃபார்முலாவில் எண்ணைக் குறைத்துவிட்டால் வேறு பக்கம் அடிக்காதா?

---

எண்கணக்கு எழுதியது:

அடிக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாதிரி மருந்துகளுக்கு இந்த எண்ணைப் பார்த்துத்தான் டோஸ். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு மருந்து குறையலாம், நிறுத்தப்படலாம். அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க வரும் தங்கையை, உன் எண் போதாது என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்பு. அந்தக் குழுவே இதையெல்லாம் பேசித்தான் முடிவெடுத்தது. சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு டெஸ்ட் தசையை அவ்வளவாகச் சாராது. அதைப் பரவலாக்கச் சொன்னார்கள். செலவு கூட, எல்லா லேபிலும் கிடையாது.

---

லண்டன் மருத்துவிச்சி எழுதியது:

பெரம்பூர் தம்பி, எழுதியது நல்லது. அந்த மாடல் இன்னும் ஓடுதா?

---

பெரம்பூர் ரயில் எழுதியது:

ஓடுகிறது.

---

ஊசிநூல் எழுதியது:

பஸ் டிரைவர் பெரியவரைப் பற்றி மூன்று பேர் தனிமடலில் கேட்டீர்கள்.

தேதி மாறிய பிறகு ஒரு தடவை அழைப்பு வந்தது, இரவு இரண்டு மணிக்கு. இரண்டாவது ஆளாக வந்து காத்திருக்கச் சொன்னார்கள். விடியும் வரை உட்கார்ந்திருந்தார். முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது, இவர் திரும்பி நேராக எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்தார். தூக்கமில்லாத கண். எடையெல்லாம் பார்த்து, ஊசி போட்டு, மெஷினை ஓடவிட்ட பிறகு, "அந்த ஆளுக்கு நல்லா ஆகட்டும்" என்றார்.

இப்போது ஃபோனை அந்தப் பழைய ரிப்போர்ட் இருந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு மடியில் வைத்திருக்கிறார், சார்ஜர் வயரோடு. நேற்று மூன்றாவது மணி நேரத்தில் அடித்தது. பன்னிரண்டு நாற்காலியும் திரும்பிப் பார்த்தது. மகள்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் வாங்கட்டுமா, கோழி வாங்கட்டுமா என்று கேட்டாள்.